நாற்பதுக்கு மேல் பிரஷ் பிடித்தவருக்கு: சேறாகும் நிறம், சுருளும் தாள், பூக்கும் வானம்

கேள்வி: வயது 44. பள்ளிக்கூடத்தோடு பிரஷ்ஷை விட்டவன். மகளுக்கு வாங்கிய வாட்டர்கலர் பெட்டியை இரண்டு மாதம் முன்பு சும்மா எடுத்தேன். இப்போது ராத்திரி ஒரு மணி நேரமாவது வரையாமல் படுக்க மனம் வருவதில்லை. ஆனால் எந்தக் கலரைப் போட்டாலும் கடைசியில் சேறாகிறது. தாள் அப்பளம் மாதிரி சுருள்கிறது. வானம் அடித்தால் நடுவில் காலிஃபிளவர் மாதிரி கறை பூக்கிறது. யூடியூபில் சொல்வதை அப்படியேதான் செய்கிறேன். சென்னைவாசி, வகுப்புக்குப் போக நேரமில்லை. இந்த வயதில் கை வராதா, அல்லது பொருள் சரியில்லையா?

பதில்:

நீங்கள் எழுதிய மூன்று குறைகளில் கை சம்பந்தப்பட்டது ஒன்றுகூட இல்லை. வயது சம்பந்தப்பட்டதும் இல்லை. ஆன்ரி ரூசோ பாரிசில் சுங்க வசூல் ஊழியராக இருந்தவர். யாரிடமும் முறையாகப் படிக்காமல் வரைந்து, 1893இல் 49 வயதில் வேலையை விட்டுவிட்டு முழுநேர ஓவியரானார். தாகூர் ஓவியத்தில் தீவிரமாக இறங்கியது அறுபதுகளில்; அவருடைய முதல் கண்காட்சி 1930இல் பாரிசில் நடந்தது. வயதைப் பற்றி இதற்கு மேல் பேச வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 44 என்றால் வெள்ளெழுத்து எட்டிப் பார்க்கும் பருவம். தாளும் எதிரில் வைத்த பொருளும் வெவ்வேறு தூரத்தில் இருப்பதால், படிக்கும் கண்ணாடியோடு வரைந்தால் ஒன்று மங்கும். நிறைய பேர் இதைக் "கோடு சரியா வரல" என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ராத்திரி வரைகிறேன் என்கிறீர்களே, அறையில் மஞ்சள் பல்பா? அந்த வெளிச்சத்தில் வெள்ளைத் தாளில் இளமஞ்சள் கண்ணுக்கே தெரியாது. தெரியவில்லையே என்று இன்னும் இன்னும் போடுவீர்கள், காலையில் பார்த்தால் மஞ்சள் கத்தும். நீலம் மங்கித் தெரிவதால் அதையும் கூட்டிவிடுவீர்கள். 5000 முதல் 6500 கெல்வின் வரை உள்ள வெள்ளை எல்இடி ஒன்றை, வலக்கைக்காரர் என்றால் இடப்பக்கம் மேலே வையுங்கள்.

இனி தாள். செலவு செய்வதற்கு ஒரே ஒரு இடம்தான் என்றால் அது இதுதான். "கத்துக்கிற வரைக்கும் சாதா பேப்பர் போதும்" என்பது வாட்டர்கலருக்குப் பொருந்தாத அறிவுரை. டிராயிங் நோட்டுத் தாள் பெரும்பாலும் 150 ஜி.எஸ்.எம்.முக்குள்ளே (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கும், நனைந்த பக்கத்து நார் ஊறி விரியும், காய்ந்த பக்கம் விரியாது, அதனால்தான் சுருள்கிறது. சுருண்ட தாளின் பள்ளத்தில் நிறம் குளமாகத் தேங்கும், மேட்டில் வற்றும். இப்படிப்பட்ட தாளில் சமமான வாஷ், அதாவது நீர் கலந்த மெல்லிய நிறப்பூச்சு, அடிக்க முப்பது வருட அனுபவசாலிக்கும் முடியாது. நீங்கள் இரண்டு மாதமாக அதோடு மல்லுக்கட்டியிருக்கிறீர்கள்.

கேட்டு வாங்க வேண்டியது: 300 ஜி.எஸ்.எம்., கோல்ட் பிரஸ், நூறு சதவீதம் காட்டன். கோல்ட் பிரஸ் என்றால் மேற்பரப்பில் லேசான சொரசொரப்பு இருக்கும். ஹாட் பிரஸ் வழவழப்பானது, தொடக்கத்தில் வேண்டாம். நீர் எங்கே போகும் என்று அதில் கணிப்பது கடினம். மரக்கூழ்த் தாளும் 300 ஜி.எஸ்.எம்.மில் வரும், விலையும் குறைவு. ஆனால் அதில் நிறம் மேலாகவே தங்கிவிடும். இரண்டாவது பூச்சு போட்டால் முதல் பூச்சு கரைந்து கிளம்பும். உங்கள் சேறில் ஒரு பங்கு அதுதான். பருத்தி நார் நீரை உள்ளே வாங்கி மெல்ல விடுவதால், யோசிக்க நேரம் கிடைக்கும்.

விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். நோட்டாக வாங்காமல் முழு ஷீட்டாக வாங்குங்கள். முழு ஷீட் 22 அங்குலத்துக்கு 30. அதை எட்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஏழரைக்குப் பதினொன்று, படம் போட அளவான தாள். பதினாறாகப் பிரித்தால் ஐந்தரைக்கு ஏழரை, பயிற்சிக்கு அது போதும். பின்பக்கத்திலும் வரையலாம். ஆக, ஒரு ஷீட்டில் முப்பத்திரண்டு பயிற்சி.

கடைகளில் கைத்தாள் அழகாக இருக்கும், ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள். வாழ்த்து அட்டைக்கும் உறைக்கும் செய்யும் கைத்தாளில் பசை ஏற்றியிருக்காது. ஓரத்தில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள்: முத்தாக ஒரு நிமிடமாவது நின்றால் நல்ல தாள். உடனே உறிஞ்சி ஈரக்கறை பரவினால் அதில் வாட்டர்கலர் ஏறாது. நல்ல தாளும் ஈரத்தில் கிடந்தால் இந்தப் பசையை இழக்கும். அப்புறம் வாஷ் அடிக்கும்போது அங்கங்கே அம்மைத் தழும்பு மாதிரி கரும்புள்ளி விழும், எதனால் என்றே புரியாது. சென்னையில் பரணிலோ மழையில் ஊறும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியிலோ தாளை வைக்க வேண்டாம். பிளாஸ்டிக் உறையில், இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு கட்டி வையுங்கள்.

பிரஷ் மூன்று போதும், சிந்தெட்டிக் போதும். ரவுண்ட் 10, ரவுண்ட் 4, ஒரு அங்குல ஃப்ளாட். எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒருவருடைய 10 இன்னொருவருடைய 8 ஆக இருக்கும், ஆகவே கண்ணால் பார்த்து வாங்குங்கள். கடையில் நீரில் நனைத்து ஒரு உதறு உதறினால் ரவுண்ட் பிரஷ்ஷின் நுனி ஊசியாகக் கூட வேண்டும். பிளந்து நின்றால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டியூபிலிருந்து குழைக்க மட்டும் ஒரு பழைய பிரஷ் வைத்துக்கொண்டால் நல்ல பிரஷ்ஷின் நுனி பிழைக்கும். நீர்க்குவளையில் பிரஷ்ஷை நிறுத்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்: முடி வளைந்துவிடும், கைப்பிடி ஊறி வார்னிஷ் வெடிக்கும், தகரப்பூண் ஆடும். நாக்கில் வைத்து நுனி கூட்டும் பழக்கமும் கூடாது. காட்மியம் சேர்ந்த மஞ்சளும் சிவப்பும் விஷம்.

நிறம். மகளின் கலர் பெட்டியை மகளிடமே கொடுத்துவிடுங்கள். அந்தத் தரத்தில் நிறமி குறைவாகவும் நிரப்புப் பொடி அதிகமாகவும் இருக்கும். இரண்டைக் கலந்தாலே சுண்ணாம்பு கரைத்தது போல் ஆகும். சேறின் இன்னொரு பங்கு இங்கே. டியூபாக ஆறு நிறம் வாங்குங்கள். பெயரை நம்பாமல், டியூபில் பொடி எழுத்தில் இருக்கும் நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். அல்ட்ராமரின் நீலம் பி.பி.29. தாலோ நீலம் பி.பி.15. மஞ்சளுக்கு பி.ஒய்.154 நல்லது. ரோஜாச் சிவப்புக்கு பி.வி.19. யெல்லோ ஓக்கர் பி.ஒய்.42 அல்லது 43. பர்ன்ட் சியன்னா பி.பி.ஆர்.7 அல்லது பி.ஆர்.101. வின்சர் அண்ட் நியூட்டனின் காட்மன் போன்ற மாணவர் தர டியூப்களிலும் இந்தக் குறியீடு இருக்கும். ஒரே டியூபில் மூன்று குறியீடு இருந்தால் அது ஏற்கெனவே கலவை; அதோடு இன்னொரு கலவையைச் சேர்த்தால் ஐந்தாறு நிறமி ஒன்றாகிவிடும், எந்த நிறமும் தெளிவாக இருக்காது. அலிசரின் கிரிம்சன், அதாவது பி.ஆர்.83, அழகான சிவப்புதான். வெளிச்சத்தில் வெளிறிவிடும் என்பதால் பி.வி.19ஐச் சொல்கிறேன்.

கறுப்பு, பச்சை, வெள்ளை எதற்கும் டியூப் வேண்டாம். பர்ன்ட் சியன்னா உண்மையில் இருண்ட ஆரஞ்சு. அதற்கு எதிர்நிறம் நீலம். அதனால் அல்ட்ராமரினோடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று அடக்கிக்கொண்டு சாம்பல் வரும். நீலம் கூடினால் மழைமேகம், சியன்னா கூடினால் பழைய மரக்கதவு, கெட்டியாகச் சேர்த்தால் கறுப்பு. தாலோ நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பிளாஸ்டிக் குடம் மாதிரி பளீர்ப் பச்சை. அதில் துளி பர்ன்ட் சியன்னா விட்டால் வேப்பிலைக்கு இறங்கும். அல்ட்ராமரினோடு மஞ்சள் சேர்த்தால் பச்சை மங்கலாகவே வரும், ஏனென்றால் அல்ட்ராமரினுக்குள் கொஞ்சம் சிவப்புச் சாயல் இருக்கிறது. பேலட்டில், அதாவது நிறம் கலக்கும் தட்டில், ஒரு கலவைக்கு இரண்டு நிறமி, மிஞ்சினால் மூன்று. இதை ஒரு மாதம் கண்டிப்பாகப் பிடியுங்கள். இரண்டு குவளை நீர் வையுங்கள்: ஒன்று பிரஷ் அலச, மற்றது கலக்க. அலசும் நீர் கலங்கியதும் மாற்றுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். வாட்டர்கலரில் கற்றுக்கொள்ள வேண்டியது பெரும்பாலும் ஈரத்தைப் படிப்பதுதான். தாளில் எவ்வளவு ஈரம், பிரஷ்ஷில் எவ்வளவு ஈரம் என்ற இரண்டையும் ஒப்பிடத் தெரிந்துவிட்டால் மற்றது பழக்கத்தில் வரும். யூடியூப் உங்களைக் கைவிடுவதும் இங்கேதான். வீடியோவில் "பத்து நிமிடம் காயவிடுங்கள்" என்பவர் ஹீட்டர் போட்ட வறண்ட அறையில் இருக்கலாம். சென்னையில் மே மாதம் மின்விசிறிக்குக் கீழே அதே வாஷ் மூன்று நிமிடத்தில் காயும். நவம்பர் மழையில் முக்கால் மணி நேரமானாலும் ஈரம் போகாது. கடிகாரத்தை விடுங்கள். தாளைச் சாய்த்து, வெளிச்சம் அதில் பட்டுத் திரும்புவதைப் பாருங்கள்.

நீர் தேங்கி ஓடினால் அது குளம், பொறுத்திருங்கள். தேக்கம் அடங்கி, தாள் முழுக்கக் கண்ணாடி மாதிரி ஒரே சீராகப் பளபளத்தால் வானம், மேகம், மங்கலான தூரத்து மரம் எல்லாவற்றுக்கும் அதுதான் நேரம். நிறத்தை விட்டால் தானே பரவும். பளபளப்பு குறைந்து பட்டுத்துணி மினுக்கு வரும்போது, பிரஷ்ஷில் கெட்டியான நிறம் இருந்தால் மட்டும் தொடலாம். பரவும், ஆனால் உருவம் கலையாது. அடுத்து மினுக்கும் போய்விடும், பார்த்தால் காய்ந்தது போல இருக்கும். புறங்கையை வைத்தால் சில்லென்று இருக்கும். இதுதான் ஆபத்தான கட்டம். தொடவே கூடாது. சில்லிப்பு போய் அறையின் சூட்டுக்குத் தாள் வந்த பிறகே அடுத்த பூச்சு.

உங்கள் காலிஃபிளவர் பூப்பது மூன்றாவது, நான்காவது கட்டங்களில். பாதி காய்ந்த நிறத்தின் மேல் நீர் மிகுந்த பிரஷ் பட்டால், அந்த நீர் காய்ந்த பக்கம் நோக்கி ஓடும். வழியில் இருக்கும் நிறமியைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் பல்பல்லாகக் குவிக்கும். சரிசெய்கிறேன் என்று அதன்மேல் மறுபடி தேய்த்தால் இன்னொரு பூ. வந்துவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு முழுக்கக் காய விடுங்கள். பிறகு ஈரப் பிரஷ்ஷால் ஓரத்தை மெல்ல நனைத்து டிஷ்யூவால் ஒற்றி எடுக்கலாம். காப்பி சிந்திய இடத்தில் வளையமாக ஓரம் கறுப்பதும் நெருங்கிய உறவுதான்: விளிம்பில் நீர் வேகமாக ஆவியாகும், அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓடிவரும், கூடவே துகளும் வரும். 1997இல் சிகாகோவில் இயற்பியலாளர்கள் இதை விளக்கி நேச்சர் இதழில் எழுதினார்கள். பூவிதழ் வரையும்போது விளிம்பில் தானாக விழும் கருங்கோடும் இதனால்தான், அதை யாரும் குறை என்று சொல்வதில்லை.

பிரஷ்ஷில் உள்ள கலவையின் அடர்த்திக்கு அடுக்களை அளவு வைத்துக்கொள்ளலாம். நீர்மோர், பால், கெட்டித் தயிர். ஒரு டீஸ்பூன் நீருக்கு மிளகளவு டியூப் நிறம் என்றால் நீர்மோர்; வானத்துக்கும் முதல் பூச்சுக்கும் அது. பட்டாணியளவு என்றால் பால். பெரும்பாலான உருவங்கள் இதில் முடியும். நீரே சேர்க்காமல் ஈரப் பிரஷ்ஷால் எடுத்தால் தயிர்; சன்னல் இருட்டு, நிழலின் ஆழம் போன்ற கடைசித் தொடுகைகளுக்கு மட்டும். ஈரத் தாளில் சேர்க்கும்போது பிரஷ்ஷில் இருப்பது தாளில் இருப்பதைவிட ஒரு படி கெட்டியாக இருக்க வேண்டும். தாளில் நீர்மோர் இருந்தால் பிரஷ்ஷில் பால். இதை மீறினால் காலிஃபிளவர். இன்னொன்று: காய்ந்ததும் நிறம் வெளுக்கும். ஈரத்தில் சரியாகத் தெரிவது காய்ந்தபின் சோகையாக இருக்கும், அதனால் ஈரத்தில் கொஞ்சம் அதிகப்பிரசங்கியாகத் தெரியும்படியே போடுங்கள்.

முதல் வாரம் படமே வேண்டாம். 10க்கு 15 சென்டிமீட்டர் கட்டம் போட்டு, ஒரே நிறத்தில் சமமாக நிரப்பும் பயிற்சி மட்டும். தாளை நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டுங்கள். பலகையின் மேல்விளிம்புக்கு அடியில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் புத்தகம். நிறத்தை முன்கூட்டியே ஒரு டீஸ்பூனுக்குக் குறையாமல் கரைத்து வையுங்கள், நடுவில் தீர்ந்தால் பட்டை விழும். பிரஷ் நிறைய எடுத்து மேலே இடமிருந்து வலம் ஒரே இழுப்பு. கோட்டின் அடியில் நிறநீர் ஒரு மணிச்சரமாகத் தொங்கும். அடுத்த இழுப்பு அந்தச் சரத்தை மட்டும் தொட வேண்டும், மேலே போன இடத்துக்குத் திரும்பக் கூடாது. கடைசியில் அடியில் தேங்கும் சரத்தைப் பிழிந்த பிரஷ்ஷால் உறிஞ்சி எடுங்கள். விட்டுவிட்டால் அது மேல்நோக்கி ஊர்ந்து பூக்கும். காயும்வரை பலகையைச் சமதளமாக வைக்காதீர்கள், மின்விசிறியையும் நிறுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் அதுவும் பட்டைதான். பத்து கட்டங்களில் நாலு சரியாக வந்தால் அடுத்ததற்குப் போகலாம்.

அடுத்த இரண்டு வாரம் ஒற்றை நிறத்தில் பொருள்கள். அல்ட்ராமரினும் சியன்னாவும் கலந்த சாம்பல் ஒன்றே போதும். வெளுப்பிலிருந்து கறுப்புவரை ஐந்து படி கொண்ட பட்டை ஒன்றை முதலில் செய்து பக்கத்தில் வையுங்கள். கத்தரிக்காயில் தொடங்குங்கள். ஒரு பக்க வெளிச்சத்தில் வைத்தால் அதில் எல்லாமே இருக்கிறது: கூர்மையான வெள்ளை மினுப்பு, உருண்டையில் மெல்ல ஏறும் இருட்டு, நிழல் விளிம்புக்குச் சற்று முன்பே தரையிலிருந்து எகிறும் மங்கல் ஒளி, மேசையில் விழும் நிழல். அந்த வெள்ளை மினுப்பு தாளின் வெள்ளைதான். அந்த இடத்தை உலர்வாகவே விட்டுச் சுற்றி வர வேண்டும். விழும் நிழல் காயை ஒட்டிய இடத்தில் கறுப்பாக, கூர்மையாக இருக்கும். விலக விலக விளிம்பு கரையும். முட்டையும் நல்லது. பித்தளைச் சொம்பை இப்போது எடுக்காதீர்கள், அதில் உங்கள் வீடே பிரதிபலிக்கும். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் விவரம் மறைந்து இருட்டும் வெளிச்சமும் மட்டும் நிற்கும். முடித்ததும் பொருளையும் படத்தையும் அருகருகே வைத்து கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்து ஒப்பிட்டால், பொய் சொல்லாத ஆசிரியர் கிடைத்த மாதிரி. பெரும்பாலும் உங்கள் இருட்டு போதுமான அளவு இருட்டாக இருக்காது. பென்சில் கோடு எச்.பி.யில் லேசாக இருக்கட்டும். ரப்பரால் அழுத்தித் தேய்த்தால் மேற்பரப்பு கிழிந்து, அந்த இடம் மட்டும் நிறத்தைக் குடித்துக் கறுக்கும்.

நான்காவது வாரம் ஆறு நிறத்தையும் திறவுங்கள். சேறாகாமல் இருக்க இப்போது மீதி இருப்பது பொறுமை ஒன்றுதான்: ஒரு இடத்தில் மூன்று பூச்சுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் புறங்கைச் சோதனை, போட்டதைத் தடவிக்கொண்டே இருக்கக் கூடாது. அவசரமென்றால் ஹேர் டிரையர் பிடிக்கலாம், ஆனால் பளபளப்பு அடங்கிய பிறகு, ஒரு அடி தள்ளி. முன்பே பிடித்தால் காற்று நிறத்தை ஊதித் தள்ளும்.

வரையாமல் படுக்க மனமில்லை என்று எழுதியதற்கு ஒரு வார்த்தை. அந்த ஈர்ப்பு படத்தின்மேல் வந்ததா, பொருளின்மேல் வந்ததா என்று கவனியுங்கள். பலருக்கு அது நிறத்தின் நடத்தைமேல் வந்த ஆசையாக இருக்கும். அப்படியானால் ஒரு ராத்திரி படத்தை விட்டுவிட்டு, பால் பதத்தில் அல்ட்ராமரினையும் சியன்னாவையும் நனைந்த தாளில் பக்கம் பக்கமாக விட்டுப் பலகையைச் சாய்த்துப் பாருங்கள். அல்ட்ராமரின் துகள் தாளின் குழிகளில் மணல் மணலாக இறங்கும், சியன்னா விலகி மேலே படரும். பிரஷ்ஷால் செய்ய முடியாத ஒரு பரப்பு தானாக உண்டாகும். இந்த நீலம் ஒருகாலத்தில் ஆப்கானிஸ்தான் மலையில் வெட்டிய லாபிஸ் கல்லை அரைத்து எடுத்தது, தங்கத்துக்கு ஈடாக மதிக்கப்பட்டது. 1820களில் பிரான்சில் கிமே என்பவர் செயற்கையாகச் செய்யும் வழி கண்டதால்தான் இன்று நாம் பட்டாணியளவு பிதுக்குகிறோம்.

வேலைநாளில் ஒரு மணி நேரம் கிடைக்காவிட்டால் இருபது நிமிடம் போதும், ஆனால் சாமான்கள் மேசையிலேயே இருக்கட்டும். எடுத்து வைக்கப் பதினைந்து நிமிடம் ஆகும் பழக்கம் நிலைக்காது. ஒவ்வொரு தாளின் பின்னாலும் தேதி, எந்த நிறமி, எந்தப் பதம், அன்று மழையா வெயிலா என்று எழுதி வையுங்கள். எதையும் கிழித்துப் போடாதீர்கள். பேலட்டை ஈரத்தோடு மூடினால் மழைக்காலத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். நிறத்தைக் கட்டிவைப்பது பிசின்தானே, பூஞ்சைக்கு அது விருந்து. தேன் சேர்த்த வகை என்றால் எறும்பும் வரும். திறந்து வைத்துக் காய்ந்தபின் மூடுங்கள்.

சுருண்டு கிடக்கும் பழைய படங்களை நிமிர்த்த வேண்டுமானால், பின்பக்கம் லேசாக நீர் தெளித்து, இரண்டு சுத்தமான தாளுக்கு நடுவே வைத்து, ஒரு ராத்திரி தடித்த புத்தகங்களுக்கு அடியில் வையுங்கள். டேப்பை எடுக்கும்போது தாள் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். டிரையரால் டேப்பைச் சூடாக்கி, படத்துக்கு வெளிப்பக்கமாகச் சாய்த்து மெல்ல இழுங்கள். அவற்றில் எதையாவது ஃப்ரேம் போட்டால் கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் நேராக ஒட்டினால் சென்னை ஈரத்துக்கு ஒரே மழைக்காலத்தில் நிறம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.